எவடம் என்று கேட்கக் கூடாத வேலை

1

இந்த வாரம் எங்கள் கம்பனியில் நேர்மை வாரம். வருடா வருடம் வரும். வரவேற்பறையில் பலூன் கட்டுவார்கள், சாப்பாட்டு அறையில் கேக் வெட்டுவார்கள், "நேர்மையே எங்கள் பலம்" என்று எழுதிய பேனையை ஆளுக்கொன்று தருவார்கள். பேனைகளைப் பெட்டியோடு மேசையில் வைத்தால் ஆளுக்கு நாலைந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதால், இப்போது ஓர் ஆளை நிறுத்திக் கையில் கொடுக்கிறார்கள். அந்த ஆள் நான்தான்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், கடலுணவு வாங்கி விற்கும் கம்பனி இது. இதில் நெறிமுறைப் பிரிவில் இருக்கிறேன். கைக்கூலி வாங்கக் கூடாது, சொந்தக்காரரைப் பின்கதவால் வேலைக்கு எடுக்கக் கூடாது, சட்டத்துக்கு மாறான சரக்கைத் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பதும், மீறினால் விசாரிப்பதும் எங்கள் வேலை. இதை ஊரில் விளங்கப்படுத்தப் போய்த் தோற்றுவிட்டேன். "கோள் சொல்லுறதுக்குச் சம்பளமோ?" என்று மாமி கேட்டார். நெல்லியடியில் இருக்கும் என் அக்கா "கொம்பனிப் பொலிஸ்" என்று சுருக்கிவிட்டாள். கணக்குப் பிரிவில் இருந்த என்னை இங்கே மாற்றியதற்குக் காரணம் படிப்பு இல்லை. யார் எதைச் சொன்னாலும் "அப்படியோ?" என்று ஒரு பார்வை பார்ப்பேன். அதை மேலிடத்தில் யாரோ கவனித்திருக்கிறார்கள்.

இந்த முறை, அனுபவத்திலிருந்து ஒரு கதை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். என்னிடம் ஒரு கதைதான் உண்டு. அதை கேக்குக்குப் பக்கத்தில் நின்று சொல்ல முடியாது, அதனால் இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். யார் யார் என்று கண்டுபிடிக்க முயல்வீர்கள் என்று தெரியும். முயலுங்கள்.

2

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்களுக்கு ஒரு நண்டுத் தொழிற்சாலை இருக்கிறது. எந்த ஊர் என்பதை விடுங்கள். நீலக்கால் நண்டை வாங்கி அவித்து, பெண் பிள்ளைகள் வரிசையாக இருந்து சதையை எடுத்து, தகரத்தில் அடைத்து இங்கே அனுப்புகிறார்கள். அங்கே முதல் விதி, சினை நண்டு வாங்கக் கூடாது. வயிற்று மடலுக்குக் கீழே முட்டைத் திரளோடு வரும் நண்டைத் திருப்பிக் கடலில் விட வேண்டும். வாங்கினது தெரிந்தால் இங்கே பெரிய கடைகள் எங்கள் தகரத்தைத் தொடாது.

விதி மீறப்படுவதைக் கண்டால் சொல்வதற்கு ஒரு தொலைபேசி இலக்கம் உண்டு. பெயர் சொல்லத் தேவையில்லை. அதைச் சுவரொட்டியாக அடித்து அனுப்பினோம். இப்படித் தவறை வெளியில் சொல்வதை ஆங்கிலத்தில் விசில் ஊதுவது என்பார்கள். தமிழாக்கும் வேலையை யாரோ இயந்திரத்திடம் கொடுத்திருக்கிறார்கள். "தவறு கண்டால் விசில் அடியுங்கள், நாங்கள் கேட்போம்" என்று அச்சாகி வந்தது. நான் பார்ப்பதற்குள் ஒட்டியும் விட்டார்கள். எந்தப் பெண் பிள்ளை அதை வாசித்துவிட்டு விசில் அடிப்பாள்? ஒட்டிய இடம் அதைவிட மோசம். சாப்பாட்டு அறையில், முகாமையாளரின் கண்ணாடி அறைக்கு நேர் எதிரே. அந்த இலக்கத்தைப் பார்த்துக் கொண்டு யார் நின்றாலும் அவருக்குத் தெரியும். தற்செயல் என்றார்கள். தற்செயல்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அப்படியிருந்தும் ஒருத்தி போன் எடுத்தாள். தமிழ் அழைப்பு என்றால் எனக்குத் திருப்பிவிடுவார்கள். காலைத் தேநீரை அப்போதுதான் கையில் எடுத்திருந்தேன்.

"அக்கா, தமிழிலை கதைக்கலாமோ?"

"ஓம், கதையுங்கோ தங்கச்சி. நீங்கள் எவடம்?"

கேட்டுவிட்டேன். எங்கள் பயிற்சி வகுப்பின் முதல் பாடம், அழைப்பவரை அடையாளம் காட்டக் கூடிய எதையும் கேட்காதே என்பது. அந்தப் பாடத்தை நடத்துகிறவளே நான்தான். ஆனால் ஒரு யாழ்ப்பாணக் குரலைக் கேட்டதும் என் வாய் தன்பாட்டில் போய்விட்டது. அவளும் எங்கள் பிள்ளைதானே, யோசிக்காமல் இடத்தைச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது.

"ஐயோ அக்கா, எங்கடை இடத்திலையிருந்து நான் ஒராள்தான் அங்கை வேலைக்குப் போறன். இடத்தைச் சொன்னால் பேரைச் சொன்ன மாதிரித்தான். எழுதிப் போடாதேங்கோ."

"எழுதேல்லை பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பிறகு விஷயத்தைச் சொன்னாள். விடிவதற்கு முன்னமே சினை நண்டு வந்து இறங்குகிறது. பின்வளவில் வைத்து பிரஷால் முட்டையை உரஞ்சிக் கழுவிவிட்டு உள்ளே எடுக்கிறார்கள். அதைச் செய்ய மாட்டேன் என்ற ஒரு பிள்ளையை அடுத்த நாளே நிறுத்திவிட்டார்கள். "அப்பா இப்ப கடல் தொழிலுக்குப் போறேல்லை. என்ரை சம்பளத்திலைதான் வீடு ஓடுது. நான்தான் சொன்னனான் எண்டு தெரிஞ்சால் என்னை நிப்பாட்டுறது மட்டுமில்லை, எங்கடை ஆக்களின்ரை படகிலை நண்டும் எடுக்கமாட்டினம்," என்றாள்.

முறைப்பாட்டை எழுதினேன். அழைத்தவரின் இடம் என்ற கட்டத்தில் "கேட்கப்படவில்லை" என்று போட்டேன். அந்த இடத்தின் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. நீங்களும் எங்கள் ஆட்கள்தானே.

3

எவ்விடம் என்பதுதான் எங்கள் வாயில் எவடம் ஆகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குள் இடம் மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எந்தக் கோயிலடி, யாருடைய பிள்ளை, வீட்டுக்குள் கூப்பிட்டு இருத்தலாமா, எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

நான் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை. நெல்லியடிக்குப் படிக்கப் போன முதல் கிழமையே ஒரு ரீச்சர் கேட்டார். சொன்னேன். "ஓ..." என்று இழுத்தார். அந்த இழுவை இன்றைக்கும் காதில் இருக்கிறது. அன்றே அந்தக் கேள்வியை வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே இத்தனை வருடமாக நானும் எல்லாரிடமும் கேட்டு வருகிறேன்.

போன வருடம் என் மகன் நிரோஜன் ஒரு தமிழ்ப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்தான். நல்ல பிள்ளை. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள். அவள் கதிரையில் இருக்க முன்னமே நான், "அப்பா எவடம்?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு, "பிரம்ப்டன்" என்றாள். "இல்லை, ஊரிலை?" என்றேன். நிரோஜன் என்னைப் பார்த்த பார்வையை விசாரணை அறையில்கூட நான் கண்டதில்லை. அதற்குப் பிறகு அவன் அவளைக் கூட்டிவரவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "ஏன், இன்னும் என்ன விசாரிக்க இருக்கு?" என்கிறான். இப்போது கிழமைக்கு ஒரு தரம் வந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறான். அவ்வளவுதான்.

4

தமிழ் தெரிந்தவள் என்பதால் விசாரிக்கவும் என்னையே அனுப்பினார்கள். அங்கே அதற்குப் பெயர் "பயிற்சி". உறவினர் வீட்டில் தங்கக் கூடாது என்பது கம்பனி விதி, அதனால் நல்லூரில் ஒரு விடுதி. காலையில் கோயில் மணி கேட்டு எழும்பி, ரியூசனுக்குப் போகும் சைக்கிள்களுக்கு நடுவே ஓட்டோவில் ஏறித் தொழிற்சாலைக்குப் போனேன்.

முகாமையாளர் குகதாசனுக்கு நாற்பது வயதிருக்கும். மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டு, மிகுந்த மரியாதை. கதவடியிலேயே தொடங்கினார்.

"அக்கா எவடம்?"

"கனடா."

"அது தெரியும் அக்கா," என்று சிரித்தார். தேநீர் வருவதற்குள் என் அப்பாவின் பெயர், அவருடைய வள்ளத்தின் பெயர், அக்கா எந்த ஒழுங்கையில் இருக்கிறாள் என்பதெல்லாம் அவரே எனக்குச் சொல்லிவிட்டார். நான் அவரை விசாரிக்க வந்தேனா, அவர் என்னை விசாரித்து முடித்துவிட்டாரா என்று சந்தேகமாக இருந்தது.

தொழிற்சாலை பளிச்சென்று இருந்தது. பின்வளவு கழுவி, சுண்ணாம்புத் தூள் போட்டிருந்தது. ஒரு பிரஷைக்கூடக் காணவில்லை. ஒரு இடம் அளவுக்கு மிஞ்சிச் சுத்தமாக இருந்தால் எனக்கு அதில் நம்பிக்கை வராது.

பிள்ளைகளை இருத்திப் பயிற்சி நடத்தினேன். எல்லாருக்கும் முகமூடி, தலைக்கு உறை. கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கண்களில் ஒன்றில் என் கண் கொஞ்சம் கூடுதலாக நின்றாலும், கதவோடு நின்ற குகதாசனின் கண்ணும் அங்கேயே போய் நிற்கும். அதனால் முழு நேரமும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நேர்மையைப் பற்றிப் பேசினேன். கேள்வி இருக்கிறதா என்றதும் வயதான ஒரு அம்மா எழும்பினார்.

"பேர் சொல்லாமல் ஆளைக் காட்டித் தரச் சொல்லுறியள். அப்ப தலையாட்டி மாதிரியோ?"

இளம் ஆட்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். போர்க்காலத்தில் இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்து ஆட்களை வரிசையில் விடும். முகத்தை மூடிய ஒருவர் வாகனத்துக்குள் இருப்பார். அவர் தலையை ஆட்டினால் வரிசையில் நிற்கிறவரின் கதை முடிந்தது. அந்த அம்மாவின் வீட்டில் யாருக்குத் தலை ஆட்டினார்களோ தெரியாது. "இது வேறை அம்மா," என்றேன். அவசரமாக, அடுத்த கேள்வி யாருக்கு என்று கேட்டேன்.

புறப்படும்போது குகதாசன் ஓட்டோ வரை கூட வந்தார். "அக்கா, ஆரோ ஒரு பிள்ளை போன் எடுத்ததாம். நான் ஒண்டும் செய்யமாட்டன். எவடத்துப் பிள்ளை எண்டு மட்டும் தெரிஞ்சால், வீட்டிலை ஏதும் கஷ்டமெண்டால் பாத்து உதவலாம்."

போன் வந்தது அவர் காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது. "தெரியாது. நாங்கள் அதுகள் கேக்கிறேல்லை," என்றேன்.

"எங்கடை ஆக்கள் கேக்காமல் விடுவினமோ அக்கா?" என்று மறுபடியும் சிரித்தார்.

5

அடுத்த நாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். தங்கத்தானே கூடாது, சாப்பிடலாம். நெல்லியடிச் சந்தையில் அவளுக்குப் பிடித்த கதலிப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன். ஒழுங்கை தொடக்கத்திலேயே முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பு மணத்தது.

அக்கா சோறு போட்டுக்கொண்டே ஊர்ப் புதினம் எல்லாம் சொன்னாள். மகள் மதுராவுக்குத் தொழிற்சாலைக் கந்தோரில் வேலை கிடைக்கும் போல இருக்கிறது, விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்றாள். என் கை சோற்றில் நின்றது. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிறகு அக்கா அகப்பையைக் குழம்பில் விட்டபடி, சாதாரணமாகக் கேட்டாள்.

"ஆரோ ஒரு பெட்டை உங்களுக்குப் போன் எடுத்ததாமே, எவடமாம்?"

"தெரியாது."

"எங்கடை ஆக்கள் கேக்காமல் விடுவினமோ?"

நேற்றுக் கேட்ட அதே சொற்கள். இது எல்லாரும் சொல்கிற கதைதான். ஆனால் அந்த நேரம் எனக்கு அப்படிப் படவில்லை. எதிரே நிற்பது என் அக்காவா, குகதாசனின் ஆளா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளைப் பற்றி அப்படி நினைத்தேன்.

அக்கா ஒரு சின்னத் தட்டத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நண்டுச் சினை, செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டு வறுத்தது. சின்ன வயதில் நானும் அவளும் அடிபட்டுச் சாப்பிட்டது. ஒரு பிடி வாயில் போட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

"எவடத்தாலை அக்கா இது வாங்கினது?"

"வாங்கேல்லையடி. குகதாசன் தம்பி தந்து விட்டவர். முந்தநாள் போன் எடுத்து, கனடா அக்காவுக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டவர். சினை நண்டு எண்டால் உயிர் எண்டு நான்தான் சொன்னனான்."

துப்புவதா விழுங்குவதா என்று தெரியவில்லை. விழுங்கினேன்.

அவ்வளவு கவனமாகப் பின்வளவைக் கழுவிய மனிதர், எதை மறைத்தாரோ அதையே பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார். ஏன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்த ஆளுக்கு விருப்பமானதைக் கொடுத்துவிடுவது எங்கள் முறை. அந்த நேரத்தில் அவர் முகாமையாளராக இருக்கவில்லை, விருந்து கொடுக்கிற ஊர் மனிதராக இருந்தார். கம்பனி விதி கம்பனி வாசலோடு சரி என்று நினைத்திருப்பார். மற்றது, தெரிந்துதான் அனுப்பினார். சாப்பிட்ட வாயால் எழுத மாட்டாள் என்ற கணக்கு. எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமோ தெரியாது.

கையைக் கழுவிவிட்டுக் குசினிக்குப் பின்னால் போனேன். மீன் அடுக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி, எங்கள் கம்பனியின் நீல நாடா ஒட்டியபடி கிடந்தது. இரவுக்கென்று இரண்டு நண்டு குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. மடலைத் தூக்கிப் பார்த்தேன். செம்மஞ்சள் முட்டை, அள்ளி அப்பினது போல. போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி செய்யிறாய்?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன், அந்தப் பிள்ளையின் இடத்தைத் தவிர.

"என்ரை வீட்டுச் சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்பப் போறியோ? மதுராவின்ரை வேலை?"

"அக்கா, அங்கை ஒரு பிள்ளையின்ரை வேலை..."

"ஆரோ ஒருத்தியின்ரை பிள்ளை. இது உன்ரை பெறாமகள். கையை நனைச்ச வீட்டையே காட்டிக் குடுக்கிறாய். முகத்தை மூடேல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

கதலிப்பழச் சீப்பு அப்படியே மேசையில் இருந்தது. நான் ஓட்டோவுக்குப் போன் எடுத்தேன்.

6

படங்களை அனுப்பினேன். அன்பளிப்புப் பெற்றீர்களா, ஆம். உட்கொண்டீர்களா, ஆம். கொடுத்த வீட்டுக்காரர் உமக்கு என்ன உறவு, சகோதரி. எல்லாவற்றையும் எழுதினேன். உடனே என்னை அந்த விசாரணையிலிருந்து விலக்கிவிட்டார்கள், அது சரியான விதி. கொழும்பிலிருந்து வேறு ஆட்கள் போனார்கள். கம்பனிப் பெயர் போட்ட வான் வண்டியில் அக்கா வீட்டு வாசலில் போய் இறங்கியிருக்கிறார்கள். ஒழுங்கை முழுக்க மதிலுக்கு மேலால் பார்த்ததாம். நண்டு வந்ததா என்று கேட்டதற்கு அக்கா, "ஓம், வந்தது," என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சினை நண்டு எடுப்பது நின்றது என்கிறார்கள். குகதாசன் சொந்தக் காரணங்களுக்காக விலகினார். வேறொரு கம்பனியில் இதைவிடப் பெரிய கதிரையில் இருக்கிறார் என்று கேள்வி. மதுராவின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நெறிமுறைப் பிரிவில் இருப்பவரின் நெருங்கிய உறவு என்பது காரணம். அதை அவர்களுக்குத் தெரியப்படுத்தியதே நான் எழுதிய பதில்தான்.

அக்கா கதைப்பதை நிறுத்தினாள். தீபாவளிக்குப் போன் எடுத்தேன், பொங்கலுக்கு எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

அந்தப் பிள்ளை இன்னும் வேலையில் இருக்கிறாளா என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. நான் யாரைப் பற்றிக் கேட்டாலும், ஏன் அவளைக் கேட்கிறாள் என்று அங்கே ஒருவர் யோசிப்பார். நேர்மை வாரத்துக்குத் தொழிற்சாலையிலிருந்து ஒரு படம் வந்தது. எல்லாரும் முகமூடியோடு வரிசையாக நின்று கையசைக்கிறார்கள். கணினியில் பெருப்பித்து ஒவ்வொரு சோடிக் கண்ணாகப் பார்த்தேன். குரலை மட்டும் கேட்ட ஒருத்தியைக் கண்ணில் எப்படித் தேடுவது?

கேக் வெட்டிய நாள் பின்னேரம் அக்கா போன் எடுத்தாள். இலக்கத்தைக் கண்டதும் கதவைச் சாத்திவிட்டுக் காதில் வைத்தேன். மழை என்றாள். மதுராவுக்கு யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் கணக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றாள். நிரோஜனுக்குக் கல்யாணப் பேச்சு ஏதும் உண்டோ என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். அவளும் மூக்கை உறிஞ்சினாள். வைக்கப் போகும் நேரம் கேட்டாள்.

"இப்பவாவது சொல்லன். அந்தப் பெட்டை எவடம்?"

"ஆர் கேக்கச் சொன்னது?" என்று என் வாயிலிருந்து வந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை. சும்மாதான் கேட்டனான்."

"எனக்குத் தெரியாது அக்கா."

"நீ கேக்காமல் விட்டிருக்கமாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும்," என்றாள். வைத்துவிட்டாள்.

சும்மாதான் கேட்டிருப்பாள். நூற்றுக்குத் தொண்ணூறு சும்மாதான். மிச்சப் பத்துக்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நேர்மை வாரத்தில், மேசை முழுக்க நேர்மைப் பேனையை வைத்துக்கொண்டு, என் சொந்த அக்காவுக்குப் பொய் சொன்னேன்.

இந்தக் குறிப்பு ஊரிலும் கிடைக்கும் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்கிறார். அந்தப் பிள்ளையின் கண்ணில் பட்டால், தங்கச்சி, நான் எழுதவும் இல்லை, ஒருத்தருக்கும் சொல்லவும் இல்லை. சத்தியம் சத்தியம்தான்.

அக்காவும் வாசிப்பாள். மதுரா வாசித்துக் காட்டுவாள். வாசிக்கட்டும்.

ஓம் அக்கா, கேட்டனான். சொல்லமாட்டன்.